சத்தமில்லாமல் ஓடும் பிள்ளைகள்

போன வாரம் செம்பூரிலிருந்து கவிதா போன் செய்தாள். அங்கே ஒரு தமிழ்ப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. ஏதாவது சிக்கல் என்றால் என்னைத்தான் கூப்பிடுவாள். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை இருக்கப் போகிறது என்ற நினைப்பு. அந்த நினைப்பு சரிதான்.

"டீச்சர், புதுசா வந்திருக்கிற பிள்ளைங்க குதிக்கவே மாட்டேங்குதுங்க. ஸ்கிப்பிங் கயிறக் குடுத்தா கையில பிடிச்சுக்கிட்டு நிக்குதுங்க. எல்லாம் ஊர்லருந்து பிழைக்க வந்தவங்க பிள்ளைங்க. இத்தன நாள் குடிசையில இருந்தவங்கள இப்ப உயரமான பில்டிங்ல ஏத்தி விட்டிருக்காங்க. உடம்புல சத்து இல்லையோ? டாக்டரக் கூப்பிட்டு ரத்தம் பாக்கச் சொல்லவா?"

"சொல்லு, தப்பில்ல. அதுக்கு முன்னாடி ஒண்ணு விசாரி. அந்தப் பிள்ளைங்க வீட்டுக்குள்ள ஓடினா யாருக்குத் தூக்கம் கெடுது?"

"என்ன டீச்சர், நான் குதிக்கிறதக் கேட்டா நீங்க தூங்கறதச் சொல்றீங்க!"

போனில் அவளுக்குப் பாதிதான் சொன்னேன். பெல் அடித்துவிட்டது என்று வைத்துவிட்டாள். மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் மும்தாஜ். வாப்பாவுக்கு ஊர் மேலப்பாளையம், பிழைப்பு குர்லாவில் ஒரு லேத் பட்டறை. பட்டறைக்கு மேலேயே எங்கள் வீடு. இரும்பு கடையும் சத்தத்துக்கு மேல் கத்தினால்தான் அங்கே சோறு கிடைக்கும். அதனால் மெதுவாகப் பேச எனக்கு இன்றுவரை வரவில்லை. பள்ளியில் ஓடினேன், கல்லூரியில் கோ-கோ ஆடினேன். குமரிப் பிள்ளை மைதானத்தில் ஓடுவதா என்று உறவெல்லாம் முகத்தைச் சுளித்தபோது வாப்பா, "ஓடுறது அவ காலு, உங்களுக்கு எங்க வலிக்கி?" என்று கேட்டார். உடற்கல்விப் படிப்பை முடித்து, தாராவியை ஒட்டிய ஒரு மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் விசில் ஊதினேன்.

கட்டடம் ஒன்று, பள்ளிக்கூடம் நான்கு. மராத்தி, இந்தி, உருது, தமிழ். மைதானமும் ஒன்றுதான். கடைசியாக வந்தவர்கள் நாங்கள் என்பதால் எங்களுக்கு மதிய ஷிப்ட், மைதானத்தில் உச்சி வெயில் நேரம். மண் கொதிக்கும். பாதிப் பிள்ளைகளுக்குக் காலில் ஷூ கிடையாது. சரி, நிழலில் வைத்தாவது ஏதாவது சொல்லிக் கொடுக்கலாம் என்றால், விளையாட்டுப் பீரியட் என்பது கணக்கு டீச்சருக்கு எழுதி வைத்த இனாம். "போர்ஷன் முடியல மும்தாஜ்" என்று வந்து நிற்பார். நான் கொடுக்க மாட்டேன். எனக்குச் சண்டைக்காரி என்று பெயர் வந்தது அப்படித்தான். வந்தால் வரட்டும் என்று இருந்தேன்.

ஊரில் கோயில் கொடை முடிந்ததும் ரயிலேறி வந்து, வருஷத்தின் நடுவில் சேரும் பிள்ளைகள் உண்டு. "சாவ்தான்" என்று மராத்தியில் கட்டளை கொடுத்தால் அதுகள் திருதிருவென்று விழிக்கும். நான் "நேரா நில்லுங்கல" என்று திருநெல்வேலித் தமிழிலேயே கத்துவேன். பக்கத்து மீடியக்காரர்கள் சிரிப்பார்கள். பிள்ளைகள் நேராக நிற்கும். எனக்கு அது போதும்.

என் தொழிலில் நானாகப் பழகிக்கொண்ட ஒரு முறை உண்டு. புது வகுப்பு வந்தால் முதல் சில நாட்கள் பந்தையே வெளியில் எடுக்க மாட்டேன். பிள்ளைகளைச் சுற்றி ஓடச் சொல்லிவிட்டு, மதிலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வேன். கண்ணுக்கு வேலை இல்லை, காதுக்குத்தான். குதிகாலை முதலில் ஊன்றுகிறவன் தொம்தொம் என்று வருவான். அண்ணனின் ஷூவைப் போட்டவன் சளக் சளக் என்று வருவான். சாப்பிடாமல் வந்த பிள்ளையின் கால் மண்ணை இழுக்கும். எந்தக் காலில் வலி இருக்கிறது என்றுகூட அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். பிறகுதான் திரும்பிப் பார்த்து, யார் யார் என்று மனதில் குறித்துக்கொள்வேன்.

ஒரு வருஷம் ஆறாம் வகுப்பை அப்படி ஓட விட்டேன். பையன்களின் சத்தம் வந்து போனது. பெண்பிள்ளைகளின் முறையில் ஒன்றுமே கேட்கவில்லை. நின்றுவிட்டார்களோ என்று கோபமாகத் திரும்பினேன். ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். அதில் பாதிப் பேர் முன்காலை மட்டும் ஊன்றி, மண்ணுக்கே தெரியாமல் ஓடினார்கள். எல்லாருக்கும் முன்னால் ஒட்டடைக்கம்பு மாதிரி ஒரு பிள்ளை காற்றாகப் போனாள். பெயர் பேச்சி.

"யா அல்லா, இது என்ன பூனைப் படையா?" என்றேன் சத்தமாக. ஒருத்தியும் சிரிக்கவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு தோளை மட்டும் குலுக்கினார்கள். சிரிப்பும் சத்தமில்லாமல்தான்.

அந்த வேகத்தைப் பார்த்ததும் பேச்சியைக் கோ-கோ அணிக்கு எடுத்துவிட்டேன். ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துரத்துகிற அணி வரிசையாகக் குந்தியிருக்கும். ஒருத்தி மட்டும் எதிர் அணியை விரட்டுவாள். தன்னால் பிடிக்க முடியாதபோது, குந்தியிருக்கும் தோழியின் முதுகைத் தொட்டு "கோ!" என்று உரக்கச் சொல்ல வேண்டும். உடனே தோழி எழுந்து விரட்டுவாள். தொட்டுவிட்டுச் சொல்லாமல் இருந்தால் தப்பாட்டம். நடுவர் விசில் ஊதி விரட்டுகிறவளைத் திருப்பி அனுப்புவார். பிடிபட வேண்டியவள் அதற்குள் தப்பிவிடுவாள்.

பேச்சி தொடுவாள், வாய் அசையும், சத்தம் வராது. கயிற்றைக் கொடுத்தால் குதிக்கவும் மாட்டாள். அதட்டினேன், கெஞ்சினேன், பலிக்கவில்லை. கடைசியில் பக்கத்தில் இருந்தவள்தான் சொன்னாள்: "அவ குதிக்க மாட்டா டீச்சர். அவுங்க அப்பா தூங்குவாரு."

"அவுங்க அப்பா இங்கயாட்டி தூங்குதாரு?"

இதை நேரில் பார்க்காமல் விடுவதில்லை என்று ஒரு விடுமுறை நாளில், மதியம் மூன்று மணிக்கு, அவர்கள் இருந்த சந்துக்கே போனேன். இங்கே அதைக் கல்லி என்பார்கள்.

தாராவியில் எந்தச் சந்துக்குள் போனாலும் காது அடைக்கும். தையல் மெஷின், தகரம் தட்டும் ஓசை, டிவி, சண்டை. இந்தக் கல்லியில் திரும்பியதும் எனக்கே காது கேட்காமல் போய்விட்டதோ என்று சந்தேகம் வந்தது. அது இட்லிக்காரர்கள் கல்லி. நடுச்சாமத்தில் எழுந்து, விடியுமுன் அடுக்கடுக்காக இட்லி அவித்து, சாம்பாரும் சட்னியும் தூக்கில் ஊற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் பூராவும் விற்கப் போகிற ஆண்கள். திரும்பி வந்து மதியம்தான் படுக்கிறார்கள். அது அவர்களுக்கு ராத்திரி. வாசலில் பெண்பிள்ளைகள் சுவரை ஒட்டி உட்கார்ந்து கல் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கல் தரையில் பட்டுச் சத்தம் வரக் கூடாது என்று கோணிச் சாக்கை மடித்துப் போட்டிருந்தார்கள். பையன்கள் ஒருவனும் இல்லை. அவர்கள் சயான் பக்கம் கிரிக்கெட் ஆடப் போய்விடுவார்களாம். பெண்பிள்ளைகள் எங்கே போவது?

"பேச்சி வீடு எதும்மா?" என்றேன். என் குரலுக்குக் கல்லியே அதிர்ந்தது. நாலு வாசலில் இருந்து நாலு பெண்கள் எட்டிப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்கள்.

பேச்சியின் அம்மா செல்லத்தாய் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "டீச்சர், மெதுவா, மெதுவா. இப்பத்தான் கண்ணசந்தாரு."

கீழே இட்லிக் கொப்பரையும் கிரைண்டரும். ஓர் இரும்பு ஏணி. மேலே பலகை போட்ட மாளா என்கிற பரண், அதுதான் வீடு. மேலே யாராவது நடந்தால் தூசி கீழே மாவில் விழும். கீழே சத்தம் வந்தால் மேலே தூக்கம் கெடும். பேச்சி ஏணியில் இறங்கி வந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இரும்பு ஏணி ஒரு முனகல் முனகவில்லை.

அவள் பின்னாலேயே சுடலைமுத்து இறங்கி வந்தார். என் புண்ணியத்தில் விழித்துவிட்டார். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருந்தது. ஆனாலும் கோபப்படவில்லை. "வாங்க டீச்சர், இருங்க" என்று ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டார்.

"அண்ணாச்சி, உங்க மவள மாதிரி ஓடுற பிள்ள நான் பாத்ததில்ல. ஆனா வாயத் தொறக்க மாட்டேங்கா. குதிக்க மாட்டேங்கா. சத்தம் போட்டா அடிப்பீங்களோ?"

"ஐயோ, கை நீட்டுனதில்ல டீச்சர். 'ஸ்'ஸுன்னு ஒரு சொல்லு, அவ்வளவுதான்." லுங்கியைச் சற்று விலக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார். தோல் சுருங்கி வெளுத்திருந்தது. "ஒரு நா தூக்கம் கெட்டுப் போனேன். சயான் பாலத்துல கண்ணு சொருவிட்டு. சைக்கிளோட விழுந்து சாம்பாரு பூரா காலுல கொட்டிட்டு. பின்னால லாரி. ஆத்தா புண்ணியம், நின்னுட்டான். இந்தத் தூக்கந்தான் டீச்சர் எங்களுக்குச் சோறு."

அந்த மனிதர் மேல் கோபப்பட வந்தவள் நான். கோபப்பட அங்கே யாரும் இல்லை.

"காலையில நீங்க எல்லாம் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போன பெறகு கல்லியில யாரும் தூங்கலைல்ல? அந்த நேரம் பிள்ளைகள மைதானத்துக்கு அனுப்புங்க. நான் வாரேன்."

"அது தண்ணி வார நேரம் டீச்சர். இட்லித் துணி அலசுறது பேச்சிதான்." கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணு. சத்தம் போட்டுப் பழகிட்டா வீட்டுலயும் வரும். பெறவு அத யாரு அடக்குவா?"

"அண்ணாச்சி, நீங்க தெருத்தெருவா ஹார்ன் அடிச்சு ஊரையே எழுப்புதீங்க. வீட்டுக்கு வந்தா மூச்சு விடுற சத்தங்கூட இல்ல. எங்க கத்தணும், எங்க கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும்லா? உங்க மவளுக்கு மட்டும் தெரியாமப் போயிருமா?"

பதில் சொன்னது செல்லத்தாய்தான். அதுவரை கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தவள், அப்போதுதான் வந்து நின்ற பெரியவன் மாரியைப் பார்த்து, "நாளையிலருந்து துணி நீ அலசுல" என்றாள்.

"நானா? ஆம்பளப் பிள்ள துணி அலசுனா..."

"இட்லி திங்கும்போது ஆம்பள பொம்பள பாத்தா திங்க? அலசுல!"

கல்லி முழுக்க அவளை "ஸ்ஸ்" என்றது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெளியே ஓடி வந்துதான் சிரித்தேன்.

வீடு ஒத்துக்கொண்டது, இனிப் பள்ளி ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் தலைமை ஆசிரியை பார்வதி டீச்சர். மாட்டுங்காவில் இருந்து வருவார்கள், பாலக்காட்டுக் குடும்பம். கஞ்சி போட்ட காட்டன் புடவை மடிப்புக் கலையாது. அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் பேச வந்தாலும் எழுந்து நின்றுதான் கேட்பார்கள். மரியாதைக்காக என்று புதியவர்கள் நினைப்பார்கள். "உக்காந்தா பேச்சு நீளும்" என்பதுதான் காரணம். அவர்கள் நின்றால் எதிரில் இருப்பவர் உட்கார முடியாது. பெரிய பெரிய அதிகாரிகளே அவர்கள் முன்னால் கால் மாற்றிக் கால் நின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"என்னவாக்கும் மும்தாஜ்?"

சொன்னேன். மேஜை மேல் இருந்த பேப்பர்வெயிட்டை நேராக வைத்தார்கள்.

"மைதானம் காலம்பற மராத்தி மீடியத்துக்கு. அது எப்பவும் உள்ளதாக்கும். இவ ஓடி எங்க போகப் போறா? பத்தாங்கிளாஸ்ல கணக்குல போச்சுன்னா கேள்வி எங்கிட்டதானே வரும்?"

"டீச்சர், அந்தப் பிள்ளை சத்தமாச் சிரிச்சு நீங்க கேட்டிருக்கீங்களா?"

கையை பேப்பர்வெயிட்டில் இருந்து எடுக்காமல் யோசித்தார்கள். "கிளாஸ்ல கேள்வி கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டா. ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுண்டிருந்தேன்." கல்லியில் பார்த்ததை எல்லாம் சொன்னேன். கோணிச் சாக்கில் கல் விளையாடுவதைச் சொன்னதும், "போரும்" என்றார்கள். "வாங்கோ எங்கூட."

நேராகக் கீழே மராத்தி மீடியத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போய் நின்றார்கள். நல்ல மனிதர், முழங்கால் வலிக்காரர். இவர்கள் நிற்க, அவரும் எழுந்தார். விடியற்காலையில், அவர்கள் பிரார்த்தனைக்கு முன்னால், மைதானம் சும்மாதான் கிடக்கிறது என்று பார்வதி டீச்சர் தன் பாலக்காட்டு மராத்தியில் ஆரம்பித்தார்கள். அவர் சுற்றறிக்கை என்றார், வாட்ச்மேன் என்றார், சாவி என்றார். ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் வந்தது. நாற்காலி பக்கம் யாரும் போகவில்லை. கடைசியில் அவர் நாற்காலியை ஏக்கமாகப் பார்த்துவிட்டு, "டீக் ஆஹே, பாய், க்யா" என்றார். சரியம்மா, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

மறுநாளே குர்லாவிலிருந்து விடியற்காலை லோக்கலைப் பிடித்துச் சயானில் இறங்கி மைதானத்தில் நின்றேன். கல்லியில் இருந்து பெண்பிள்ளைகள் வந்தார்கள். பந்தும் இல்லை, கயிறும் இல்லை. "இங்க யாரும் தூங்கல. தரைய மிதிங்க" என்றேன். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். நானே தங்குதங்கென்று மிதித்துக் காட்டினேன். இந்த உடம்பு குதித்ததைப் பார்த்துத்தான் முதல் சிரிப்பு வெளியே வந்தது. கொஞ்ச நாளில் மைதானம் அதிர ஓடினார்கள்.

அப்போது பார்த்து எதிர்க் கட்டடத்து பால்கனியில் ஒருவர் பனியனோடு வந்து, "அரே மேடம், நீந்த் கராப் கர்தியா!" என்று கத்தினார். தூக்கத்தைக் கெடுத்துவிட்டோமாம். அவர் சொல்லி வாய் மூடவில்லை, பிள்ளைகள் அத்தனை பேரும் முன்காலுக்குப் போய்விட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "பொழுது விடிஞ்சு வெயில் வந்தாச்சு சாப், நீங்களும் எறங்கி வாங்க, தொப்பை குறையும்!" என்று இந்தியில் போட்ட போட்டில் கதவை மூடிக்கொண்டார். மறுபடியும் முதலில் இருந்து மிதிக்கச் சொன்னேன். அன்று பிரார்த்தனை மணி அடிக்கும்வரை விடவில்லை.

காலுக்குச் சத்தம் வந்துவிட்டது. பேச்சியும் குதித்தாள், கயிறு சுழற்றினாள். வாய்தான் திறக்கவில்லை. தூரத்தில் நிறுத்தி அவள் பெயரையே கூப்பிடச் சொன்னேன். மதிலைப் பார்த்துக் கத்தச் சொன்னேன். காதைப் பொத்திக்கொண்டு கத்தச் சொன்னேன். நரம்பு புடைக்கும், மூச்சு மட்டும் வரும். எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் தீர்ந்துபோனது. தீர்ந்தாலும் அவளை அணியிலிருந்து எடுக்கவில்லை. ஒவ்வொரு விசிலுக்கும் தலையைக் குனிந்துகொண்டு, மறுபடி ஓடுகிற பிள்ளையை எப்படி எடுப்பது?

இதுவரைக்கும்தான் கவிதாவுக்குச் சொன்னேன். திங்கட்கிழமை செம்பூருக்கு வருகிறேன், அந்தக் கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரர்களையும் பார்த்துப் பேசிவிட்டு மைதானத்துக்குப் போவோம் என்றேன். வைக்கும் முன்னால் அவள் கேட்டாள்: "அந்தப் பிள்ள கடைசி வரைக்கும் வாயத் தொறக்கலியா டீச்சர்?" அதற்குள் அங்கே பெல் அடித்துவிட்டது.

மாநகராட்சிப் பள்ளிகளுக்கு இடையிலான போட்டி அந்த வருஷம் செம்பூரில் ஒரு மைதானத்தில் நடந்தது. எங்களுக்கு எதிரே ஒரு மராத்தி மீடியம் அணி, நல்ல ஆட்டக்காரிகள். கடைசிச் சுற்றில் துரத்தும் முறை எங்களுக்கு. நேரம் குறைவு. பேச்சி விரட்டினாள், தொட்டாள், விசில். மறுபடி விரட்டினாள், தொட்டாள், விசில். மற்ற பிள்ளைகள் அவளை முறைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"டீச்சர், எதுக்கு அந்தாளு ஊதிக்கிட்டே இருக்காரு?"

திரும்பினேன். சுடலைமுத்து. விற்று முடித்த காலித் தூக்குகளோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். அது அவர் வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டிய நேரம். கண் அதே மிளகாய்ப் பழம்.

"தொடும்போது சத்தமா 'கோ'ன்னு சொல்லணும் அண்ணாச்சி. சொல்லலன்னா தப்பு. உங்க மவ சொல்ல மாட்டேங்கா."

அவர் மைதானத்தைப் பார்த்தார். பேச்சி தலையைக் குனிந்துகொண்டு அந்தக் கோடியில் இருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள். சைக்கிள் ஹேண்டிலில் இருந்த ரப்பர் ஹார்னைப் பிடித்து ஓங்கி அழுத்தினார். பாம்! பாம்! ஆட்டக்காரிகள், நடுவர், வேடிக்கை பார்த்தவர்கள், எல்லாரும் திரும்பினார்கள். பேச்சியும் நிமிர்ந்தாள்.

"ஏட்டி பேச்சி!" என்று கத்தினார் அந்த மனிதர், தெருவில் இட்லி விற்கிற குரலில். "நான் முழிச்சுத்தான்ட்டி இருக்கேன்! சத்தம் போடு!"

பேச்சி அவரையே பார்த்தாள். பிறகு ஓடினாள். எதிரணிப் பெண் கைக்கு எட்டாமல் விலகியதும், குந்தியிருந்தவளின் முதுகைத் தொட்டாள்.

"கோ!"

அது குர்லாவில் என் வாப்பாவின் பட்டறைவரை கேட்டிருக்கும். நடுவர் விசிலை வாயில் வைத்தபடியே நின்றார். ஊதவில்லை.